மூடிய கை

வந்துட்டியா. கோட்டைக் கழட்டு. அதற்கப்புறம் ஒன்று இருக்கிறது. அதற்கும் அப்புறம், நான் தூங்கலை, உனக்காகத்தான் காத்துக்கிட்டிருந்தேன். மொத்தம் நான்கே வரி. முதல் இரண்டும் இருக்கின்றன, கடைசியும் இருக்கிறது, மூன்றாவது மட்டும் பல் பிடுங்கிய இடம் மாதிரி, நாக்கு அங்கேயே போய்ப் போய்த் துழாவுகிறது, சதைதான் தட்டுப்படுகிறது. காலையில் குளியலறையில் சொல்லிப் பார்த்தேன், முழுதாக வந்தது. டாக்சியிலும் வந்தது. டாக்சிக்காரர் கண்ணாடி வழியாகப் பார்த்து, யார் மேடம் வந்துட்டாங்க என்று கேட்டார், சிரித்துவிட்டேன். இந்தக் கட்டிலில் படுத்ததும் போய்விட்டது. மருத்துவமனைக் கட்டில். கட்டில் நிஜம், தலையணை நிஜம், மருந்துப் பாட்டிலுக்குள் இருப்பது ஆறிய தேநீர். மூன்று பக்கம் ஒட்டுப்பலகைச் சுவர், நான்காவது சுவர் இருக்க வேண்டிய இடத்தில் கேமரா. கூரை கிடையாது. மேலே இருட்டு, இருட்டில் இரும்புக் குழாய்கள், குழாய்களில் விளக்குகள், விளக்குகளுக்கு நடுவே இரண்டு செருப்புக் கால்கள் நடந்துபோகின்றன. தாடி வைத்த டைரக்டர், கீத், என் மகன் என்று ஒருவன் இருந்திருந்தால் அவனைவிடச் சின்னவன், குனிந்து சொன்னான், "இருபது நிமிஷம்தான் மிஸ் ஆஷ்பி. லைட் வைக்கற வரைக்கும் அப்படியே படுத்திருங்க. டெலிவிஷன்ல உங்களுக்குப் பதிலா படுக்க ஆள் குடுக்க மாட்டாங்க." வருத்தப்படுவதாக முகத்தை வைத்துக்கொண்டான். பரவாயில்லப்பா, இந்த வயசுல படுத்திருக்கறதுதான் எனக்குப் பழகின வேலை என்றேன். சுற்றி இருந்தவர்கள் சிரித்தார்கள். நல்லது. சிரிக்க வைக்கிற கிழவிக்கு ஞாபகம் போய்விட்டது என்று யாரும் நினைக்க மாட்டார்கள். ஏஜென்ட் ஹெர்ப் போனில் சிரிக்கவில்லை. "லெனோர், போன படத்துல பதினாலு டேக். ஊர் முழுக்கத் தெரிஞ்சுபோச்சு. இது கடைசி. நாலே வரி, சாகப் போற அம்மா, படுத்துக்கிட்டே சொல்லணும், பொம்மைகூடச் சொல்லிடும்." நான்கு வரியும் நின்றால் நான் என் வீட்டில் இருப்பேன். நிற்காவிட்டால் சமையலறை மேசைமேல், சர்க்கரை ஜாடிக்கு அடியில் இருக்கும் தாளில் கையெழுத்துப் போட்டுவிட்டு முதியோர் இல்லத்துக்குப் போவேன். டாக்டரோடு அல்ல, என்னோடு நானே போட்டுக்கொண்ட ஒப்பந்தம் இது. வந்துட்டியா. கோட்டைக் கழட்டு.

இடது பக்கம் ஒரு விளக்கு எரிகிறது. பார்க்காமலே தெரிகிறது, கன்னம் சொல்கிறது. முப்பது வருடம் கன்னத்தால் வெளிச்சம் பார்த்துப் பழகிய தோல். சூடு கன்ன எலும்புக்கு மேலே விழுந்தால் அழகு, கீழே விழுந்தால் வயது. இப்போது கீழே விழுகிறது. விழட்டும், சாகப் போகிறவள்தானே. இந்தச் சூட்டை எல்லாம் அந்தக் காலத்தில் வெர்னா வாங்கிக்கொண்டாள். வெர்னா பீல். எனக்குப் பதில் நிற்பவள். அதுதான் அவள் உத்தியோகம். விளக்குக்காரர்கள் ஒவ்வொரு விளக்காகத் திருப்பிச் சரிபார்க்கும் ஒரு மணி, ஒன்றரை மணி நேரம், என் உடையைப் போல ஓர் உடையில், என் கூந்தல் நிறத்தில், என் உயரத்தில், நான் நிற்க வேண்டிய சுண்ணாம்புக் கோட்டின்மேல் அவள் நிற்பாள். எல்லாம் சரியானதும் ஒருவர் கூப்பிடுவார், "மிஸ் ஆஷ்பி, நாங்க தயார்." நான் வியர்க்காத முகத்தோடு வருவேன், அவள் விலகுவாள், அவள் சூடாக்கி வைத்த இடத்தில் நான் நிற்பேன். பத்தொன்பது வருடம். விலகும்போது என் காதில் ஏதாவது சொல்லிவிட்டுப் போவாள். "மேல நிக்கற குண்டன் சாண்ட்விச் சாப்பிடறான், உன் தலையில வெங்காயம் விழும், பாத்துக்கோ லென்னி." நான் சிரித்துவிடுவேன், அந்தச் சிரிப்பின் மிச்சம் கண்ணில் இருக்கும்போதே கேமரா ஓடும். கண்ணில் எப்போதும் ஒரு ரகசியம் மின்னுகிறது என்று பத்திரிகைகள் எழுதின. வெங்காயம்.

எழுதுவதற்கென்ன. லெனோர் ஆஷ்பியையே எழுதித்தான் உண்டாக்கினார்கள். நான் லுட்மிலா ஹவ்லிக். தெற்கு ஒமாஹாவில், செக் குடியேறிகளின் தெருவில், கசாப்புத் தொழிற்சாலையில் தோல் உப்பிடும் கிடங்கு வேலைக்காரரின் பெண். ஊரே மாட்டு இரத்தமும் வெந்த கொழுப்புமாக நாறும், அதை நாற்றம் என்று நான் அறிந்ததே ஊரைவிட்டு வந்த பிறகுதான். விளம்பரப் பிரிவுத் தலைவர் மிஸ்டர் ஸ்ட்ராட் என் கதையைக் கேட்டார், பென்சிலைக் காதில் செருகிக்கொண்டார், "ஹனி, இதைப் படிச்சுட்டு யாரும் ராத்திரி சாப்பிட மாட்டாங்க" என்றார். இரண்டு நாளில் எனக்கு வர்ஜீனியாவில் ஒரு டாக்டர் அப்பா கிடைத்தார். பியானோ வாசிக்கும் அம்மா கிடைத்தாள். இருவரையும் ஏரியில் படகு கவிழ்த்துக் கொன்றும் விட்டார், பெற்றோர் உயிரோடு இருந்தால் நிருபர்கள் தேடிப் போவார்கள் என்பதால். பிறகு முன்நெற்றி முடியை வேரோடு பிடுங்கினார்கள், கன்னம் ஒட்டுவதற்காகக் கடைவாய்ப் பற்களைப் பிடுங்கினார்கள், ஆறு மாதம் ஓர் ஆங்கிலேயக் கிழவி உச்சரிப்புச் சொல்லிக்கொடுத்து என் நாக்கைப் பிடுங்கினாள். மிஞ்சியது வலது உள்ளங்கை. அதை மட்டும் அவர்களால் எதுவும் செய்ய முடியவில்லை. நடு உள்ளங்கையில், ஒரு வெள்ளி நாணயம் அளவுக்கு, பளபளவென்று இழுத்துக் கட்டிய தழும்பு. எட்டு வயதில், கொல்லையில் அப்பா கொழுப்புச் சோப்புக் காய்ச்சும்போது கரண்டியைப் பிடி என்றார், நான் காம்பைத் தாண்டிக் காய்ந்த இரும்பைப் பிடித்துவிட்டேன். அப்பா என்னைத் தூக்கிக்கொண்டு தெருவில் ஓடினார். ஐஸ் வண்டிக்காரனை நிறுத்தி, ஐஸ் பாளத்தின்மேல் என் கையை வைத்து, அதன்மேல் தன் கையை வைத்து அழுத்திக்கொண்டே நின்றார், இரண்டு கையும் மரத்துப்போகும் வரை. என்னைவிட அதிகம் அழுதார். அதற்கப்புறம் தினமும் வேலைவிட்டு வந்து உப்பில் வெடித்த கட்டை விரலை அந்தத் தழும்பில் வைத்து ஒரு தடவு தடவி, "ஆறிடுச்சா?" என்பார். ஆறி வருடக்கணக்கான பிறகும் கேட்டார். பதினெட்டு வயதில் ரயிலேறும்போதும், ஜன்னல் வழியாகக் கையை வாங்கி, ஆறிடுச்சா?

முதல் நாளே கேமராமேன் தழும்பைக் கண்டுபிடித்துவிட்டார், வெளிச்சத்தில் கண்ணாடிச் சில்லு மாதிரி அடிக்கிறது என்றார். கையை மூடிக்கொள் என்றார்கள். மூடிக்கொண்டேன். காதலனை வழியனுப்பும்போது மூடிக்கொண்டேன், நீதிமன்றக் கூண்டில் மூடிக்கொண்டேன், இருபத்தேழு படங்களில் மூடிக்கொண்டேன். ஆஷ்பியின் மூடிய கை, சொல்லாத சொல்லையெல்லாம் அதற்குள் வைத்திருக்கிறாள் என்று எழுதினார்கள். ஊரில் பெண்கள் அதே மாதிரி விரலை மடக்கிக்கொண்டு நடந்தார்களாம். போன வருடம்கூடக் கல்லூரிப் பெண் ஒருத்தி கடிதம் எழுதியிருந்தாள், அந்தக் கை பெண்ணின் அடக்கப்பட்ட கோபமா என்று. ஆமாம் என்று பதில் போட்டேன். வேறு என்ன எழுதுவது. கோட்டைக் கழட்டு. கழற்றிய பிறகு அவள், மகளாக வருகிறவள், பக்கத்தில் உட்கார்வாள். உட்கார்ந்த பிறகு நான் ஏதோ ஒன்றைக் கேட்கிறேன். கேள்வி. மூன்றாவது வரி ஒரு கேள்வி, அவ்வளவு தெரிகிறது.

அம்மா நிஜமாக இறந்தது யுத்த காலத்தில், மார்ச் மாதம். வீட்டுக் கடிதங்கள் எல்லாம் வெர்னாவின் பெயருக்குத்தான் வரும், தந்தியும் அவள் பெயருக்கு வந்தது. செட்டில் ஓர் ஓரமாகக் கூட்டிப்போய்க் கையில் கொடுத்தாள். நான் நேரே மிஸ்டர் ஸ்ட்ராட்டிடம் போனேன். அவர் எழுந்து கதவைச் சாத்தினார், என்னை உட்காரவைத்தார், தண்ணீர் கொடுத்தார், கெட்ட மனிதர் இல்லை. "ஹனி, உங்கம்மா செத்துப் பதினோரு வருஷம் ஆச்சு. அமெரிக்கா முழுக்க அழுதாச்சு. மறுபடி எப்படிச் சாக முடியும்?" அன்றைக்கு எடுக்க வேண்டிய காட்சியில் எனக்கு அம்மா இறக்கிறாள், அதுதான் இதில் பெரிய வேடிக்கை. கண்ணீர் வரவில்லை. கண்ணின் ஓரத்தில் கிளிசரின் வைத்தார்கள். அந்தத் துளி கீழே விழாமல் கன்னத்திலேயே நின்றது, கேமராமேன் ஆகா என்றார். வெர்னாவை அனுப்பும் யோசனையை யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை. பழியை ஸ்ட்ராட் மேல் போட முடியாது, ஸ்டூடியோ மேல் போட முடியாது. அது என் யோசனை. அப்பாவுக்கு அப்போது இரண்டு கண்ணிலும் பால் படர்ந்துவிட்டது, வெளிச்சம், இருட்டு, அவ்வளவுதான். பக்கத்து வீட்டு அம்மாள்தான் அவருக்காகக் கடிதம் எழுதுவாள், அவள் என்னைப் பன்னிரண்டு வருடமாகத் திரையில்தான் பார்த்திருக்கிறாள். வெர்னாவுக்கு என் உயரம், என் தோள், என் நடை. என் கோட்டைக் கொடுத்தேன், என் செண்ட்டைப் போட்டுவிட்டேன், முகத்துக்குக் கறுப்புத் திரை. துக்கத்தில் யாரும் பேச்சை எதிர்பார்க்க மாட்டார்கள் என்றேன். எங்கள் வீட்டு மொழியில் அப்பா என்ற ஒரு சொல்லை மட்டும் கற்றுக்கொடுத்தேன். மேக்கப் அறையில் உட்காரவைத்து, இன்னும் மெதுவா, இன்னும் தொண்டையிலிருந்து, என் நாக்கைப் பிடுங்கிய ஆங்கிலேயக் கிழவி மாதிரியே, ஐம்பது தடவை. கடைசியில் அவள் சொன்னபோது எனக்கே உடம்பு சிலிர்த்தது. "இது தப்பு லென்னி" என்றாள். "நீ எனக்குப் பதில் நிக்கறவதானே?" என்றேன். அந்த வாய், அந்தச் சொல், அதைக் கேட்டு அவள் முகம் போன போக்கு. மூன்றாவது வரியை மறக்கிற மூளை இதை மறக்காது. எதை எடுத்துக்கொள்வது, எதை விட்டுவைப்பது என்று அதற்கு ஒரு கணக்கு இருக்கிறது, அதில் இரக்கம் என்பதே இல்லை. நான்கு நாள் கழித்து வந்தாள். கோட்டை மடித்துக் கொடுத்தாள். "எல்லாம் நல்லபடியா முடிஞ்சுது. உங்கப்பா என் கையைப் பிடிச்சுக்கிட்டாரு." அவ்வளவுதான் சொன்னாள். எனக்கு எவ்வளவு நிம்மதி. அப்பா மகள் கையைப் பிடித்துக்கொண்டார். போய்விட்டு வந்தாயிற்று. அந்த நிம்மதியில் அதற்கப்புறம் இரண்டு வருடம் நான் ஒமாஹா பக்கம் போகவில்லை. அந்த இரண்டு வருடம்தான் அவர் உயிரோடு இருந்தார்.

"மிஸ் ஆஷ்பி, தலையைக் கொஞ்சம் அந்தப் பக்கம்." திருப்புகிறேன். திருப்பினால் தலையணை உறையில் கஞ்சி வாசனை, வெர்னா சாகக் கிடந்த ஆஸ்பத்திரித் தலையணையிலும் இதே வாசனை. அப்போது நான் மகள் உட்கார வேண்டிய நாற்காலியில் உட்கார்ந்திருந்தேன், அவள் கட்டிலில். வயிற்றில் கட்டி, மிஞ்சியது எலும்பு, என் உயரம் மட்டும் அப்படியே இருந்தது, போர்வைக்கடியில் கால் எங்கே முடிகிறதோ அங்கேதான் என் காலும் முடியும். அன்று மாலை வலி குறைந்திருந்தது. "ஒண்ணு சொல்லணும் லென்னி. சொல்லாமலே போயிடலாம்னுதான் பாத்தேன்" என்றாள். "உங்கப்பா என் கையைப் பிடிச்சாருன்னு சொன்னேனே. பிடிச்சாரு. குழிக்குப் பக்கத்துல. நீ சொல்லிக்கொடுத்தபடி அப்பான்னேன். அவர் முகம் எப்படி ஆச்சு தெரியுமா, விளக்குப் போட்ட மாதிரி. வலது கையை எடுத்துத் திருப்பினாரு. கட்டை விரலால நடுவுல தடவினாரு. மறுபடி தடவினாரு. எதையோ தொலைச்சவர் மாதிரி. எனக்கு ஒண்ணும் புரியலை. அப்புறம் விட்டுட்டாரு." நான் கேட்டேன், அப்புறம்? "அப்புறம் ஒண்ணும் இல்ல. என்னைப் பிடிச்சுத் தள்ளலை, கத்தலை. மண்ணு போட்டு முடியறவரைக்கும் என் பக்கத்துலயே நின்னாரு. பக்கத்து வீட்டம்மா, மக வந்துட்டாளே, உங்களுக்கு ஆறுதலா இருக்குமேன்னாங்க. ஆமான்னு தலையாட்டினாரு. உன்னைக் காட்டிக்கொடுக்கலை லென்னி. யாருன்னே தெரியாத பொம்பளைக்குத் தலையாட்டினாரு." எல்லாவற்றையும் பொருத்தினோம். கூந்தல், தோள், நடை, செண்ட், குரல். உள்ளங்கையை நினைக்கவே இல்லை. இருபத்தேழு படத்திலும் யாரும் பார்க்காத இடம், கேமராவுக்குத் தெரியாததை நான் இல்லாததாகவே நினைத்துப் பழகிவிட்டேன். வேறு எந்தத் தொழிலில் இருப்பவளுக்கும் இந்தத் தப்பு வந்திருக்காது. ஆறிடுச்சா என்று கேட்க வந்த விரலுக்கு ஆறிப்போன, வடுவே இல்லாத, வழவழப்பான ஒரு கை.

"பொண்ணோட இடத்துல யாராவது உக்காருங்க, ஆள் இல்லாம லைட் எப்படி வைக்கறது?" கேமராமேனின் குரல். மகளாக நடிக்கிறவள் இன்னும் மேக்கப்பில் இருக்கிறாளாம். ஓபல் வருகிறாள். கதைத்தாளை மடியில் வைத்துக்கொண்டு யார் எந்தக் கையில் கோப்பையைப் பிடித்தார்கள், எந்தப் பொத்தான் திறந்திருந்தது என்று குறித்துக்கொள்பவள், என்னைவிடப் பத்து வயது சின்னவள், மூக்குக் கண்ணாடி கயிற்றில் தொங்குகிறது. கையிலிருந்த கோலா பாட்டிலைக் கட்டிலுக்கடியில் வைத்துவிட்டு உட்கார்கிறாள். "சின்ன வயசுல உங்க படத்துக்குப் போறதுக்காக ஸ்கூலுக்கு மட்டம் போட்டிருக்கேன்" என்று மெதுவாகச் சொல்கிறாள். அடி வாங்கினியா? "வாங்காம? எங்கம்மாவும் அதே தியேட்டர்லதான் உக்காந்திருந்தாங்க." சிரிக்கிறோம். "கையைப் பிடிச்சுக்கங்க ஓபல், நிழல் எங்க விழுதுன்னு பாக்கறேன்." அவள் என் கையை எடுத்துத் தன் கையில் வைத்துக்கொள்கிறாள். ஐஸ். ஐஸ் பாட்டிலைப் பிடித்திருந்த கை. என் உள்ளங்கை நடுவில் அந்தக் குளிர் சுருக்கென்று இறங்குகிறது, ஐஸ் பாளம், அதன்மேல் என் கை, என் கைமேல் அழுதுகொண்டு நிற்கும் ஒருவரின் கை, நான் ஓபலின் கையைத் திருப்புகிறேன், என் கட்டை விரல் அதன் நடுவில் போகிறது, தடவுகிறது, அங்கே ஒன்றுமில்லை, ஒன்றுமில்லாததைத் தொட்ட அந்த விரலுக்கு எப்படி இருந்திருக்கும் என்று எனக்கு இப்போதுதான், இப்போதுதான் தெரிகிறது, வாய் தானாகத் திறக்கிறது. "வந்துட்டியா. கோட்டைக் கழட்டு. கை ஏன் இப்படிச் சில்லுன்னு இருக்கு? நான் தூங்கலை, உனக்காகத்தான் காத்துக்கிட்டிருந்தேன்." என் குரல் இல்லை அது. வயதான ஓர் ஆணின் தொண்டை அதற்குள் இருந்தது. தழும்பு தெரிய என் கை முழுதாகத் திறந்து அவள் மடிமேல் கிடக்கிறது. மேலே நடந்துகொண்டிருந்த செருப்புக் கால்கள் நின்றுவிட்டன. ஓபல் கண்ணாடியைக் கழற்றித் துடைக்கிறாள். இத்தனை வருடம் நான் நடித்ததெல்லாம் இதற்கான ஒத்திகை. பிறகு யாரோ கை தட்ட, இன்னும் இரண்டு பேர் தட்ட, கீத் ஓடிவந்து கட்டிலருகில் மண்டியிடுகிறான். "அருமை மிஸ் ஆஷ்பி! இதே, இதையேதான் டேக்ல குடுக்கணும்." கேமரா ஓடவில்லை. ஓடாது. விளக்கு வைத்துக்கொண்டிருந்தார்கள், நான் எனக்குப் பதிலாகப் படுத்திருந்தேன்.

"ஒரே ஒரு விஷயம்," கேமராமேன் சொல்கிறார், "அந்தக் கையில என்னவோ பளபளன்னு அடிக்குது, பாக்கறவங்க கண்ணு அங்கயே போயிடும்." மூடிக்கறேன், பழக்கம்தான் என்கிறேன். வேண்டாம், திறந்த கைதான் அழகு, திறந்தே இருக்கட்டும் என்கிறான் கீத். மேக்கப் பெண் வருகிறாள், சின்ன டப்பா, உள்ளே தோல் நிறத்தில் மெழுகு. பிசைந்து பிசைந்து சூடேற்றித் தழும்பின்மேல் அப்பி விரலால் நீவிவிடுகிறாள், மேலே பவுடர். "அந்தக் காலத்துல இந்த மெழுகு இருந்திருந்தா நீங்க கையை மூடியே இருக்க வேண்டாம்" என்கிறாள், நல்ல பெண், பாராட்டாகத்தான் சொல்கிறாள். மகள் வருகிறாள். அழகான பெண், பல் எல்லாம் இருக்கிறது. இப்போதுதான் தலை உலர்த்தும் இயந்திரத்தடியிலிருந்து வந்திருக்கிறாள். "நான் உங்க பெரிய ரசிகை" என்கிறாள், அவள் பிறந்தபோது நான் நடிப்பதை நிறுத்தியிருந்தேன். மணி அடிக்கிறது, கதவுகளைச் சாத்துகிறார்கள், கிளாப் கட்டை அடிக்கிறார்கள்.

வந்துட்டியா. கோட்டைக் கழட்டு. அவள் கழற்றுகிறாள், உட்கார்கிறாள், என் கையை எடுக்கிறாள். வெதுவெதுப்பான, கொஞ்சம் வியர்த்த, உயிருள்ள சின்னக் கை. இந்தக் கையை எதற்கு, இதைப் பிடித்துக்கொண்டு எதைக் கேட்பது. கேமராவின் சத்தம், தேனீக் கூட்டம் மாதிரி, எனக்கு வேறு எந்தச் சத்தத்தையும்விடப் பழகிய சத்தம். "கட். பரவாயில்ல மிஸ் ஆஷ்பி. மறுபடி போகலாம்." வந்துட்டியா. கோட்டைக் கழட்டு. "கட்." ஐந்தாவது டேக்கில் கீத் இன்னும் சிரிக்கிறான். எட்டாவதில் அவன் சிரிக்கவில்லை, அந்தப் பெண் என் கையை ஆதரவாக அழுத்துகிறாள், அது இன்னும் சூடாகிறது. "நான் தூங்கலை" என்று கடைசி வரிக்கே தாவிப் பார்க்கிறேன். "கேள்வியை விட்டுட்டீங்க மேடம்." பதினொன்றாவதில் அவள் தோளுக்குப் பின்னால் ஓபல் ஒரு பெரிய அட்டையைத் தூக்கிப் பிடிக்கிறாள், எழுதியிருக்கிறாள், கொட்டை எழுத்தில் எழுதியிருப்பாள், கண்ணாடி இல்லாமல் எனக்குத் தெரிவது வெள்ளை, அதன்மேல் இரண்டு கறுப்புக் கோடு, அட்டைக்கு மேலே ஓபலின் கண்கள், மன்னிச்சுக்கங்க என்கிற கண்கள். சமையலறை மேசை. சர்க்கரை ஜாடி. அதற்கடியில் நான்காக மடித்த தாள். ஒரு கேள்வி. சின்னக் கேள்வி. தினமும் வேலைவிட்டு வந்ததும் யாரோ யாரையோ கேட்கிற கேள்வி. "ஆறிடுச்சா?" என்கிறேன். "கட்," என்கிறான் கீத், ரொம்பவும் மென்மையாக. அந்தப் பெண் என் கையைப் போர்வைமேல் வைத்துவிட்டு எழுந்து போகிறாள். ஒவ்வொன்றாக விளக்குகளை அணைக்கிறார்கள், கன்னம் குளிர்கிறது, முதலில் இடது, பிறகு வலது. போர்வைமேல் கிடக்கும் வலது கைக்குள் என் இடது கட்டை விரல் போகிறது. தடவுகிறது. மறுபடி தடவுகிறது. வழவழவென்று மெழுகு. கொஞ்ச நேரம் அங்கேயே நிற்கிறது, பிறகு விட்டுவிடுகிறது.